இல்லத் தோட்டத்தில் அடக்கம்

ஜேசிபியின் கை மறுபடி மண்ணுக்குள் இறங்கியபோது ஸ்மைலின் பின்வாசல் வழியாக ஓடிவந்து அதன் முன்னால் நின்றாள். ஓட்டிக்கொண்டிருந்த ஜெபிஷ் பதறிப்போய் எஞ்சினை அணைத்தான். வீட்டுக்குள் அம்மா நேசபாய் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே, ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில், அப்பா டைட்டஸின் கல்லறையை ஒட்டி ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வாய் திறந்திருந்தது.

"யாரு தோண்டச் சொன்னது?"

"நான்தான்" என்றார் ஜான்ரோஸ் மாமா, அம்மாவின் தம்பி. வேட்டியை மடித்துக் கட்டி மேஸ்திரிபோல நின்றார். "நாலு மணிக்கு அடக்கம். போஸ்டரும் ஒட்டியாச்சு."

"அனுமதி வாங்கினியளா மாமா?"

"பஞ்சாயத்துல சொல்லியாச்சு. ஒனக்க அம்மைக்க கீழ வேல பாத்தவனுவதான் இப்பம் எல்லாக் கசேரையிலயும் இருக்கானுவ. அதெல்லாம் பாத்துக்கிடலாம் மக்கா."

பாத்துக்கிடலாம். அம்மாவுக்கு உலகத்தில் ஆகவே ஆகாத சொல் அது. அதைச் சொன்னவர்களை அவள் நாற்காலியில் உட்காரக்கூடச் சொன்னதில்லை.

வாசலில் மாமா கட்டியிருந்த பிளக்ஸில் 'முன்னாள் வட்டாட்சியர், கோட்டாட்சியர்' என்று யானை எழுத்தில் போட்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக அவள் நுழைந்ததை விட்டுவிட்டார்கள், அது கௌரவக் குறைச்சலாம். ரேஷன் கடை கடையாகப் போய் எடை சரிபார்த்தது, சுனாமியின்போது மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் பிணங்களுக்கு அடையாளம் எழுதியது, தேர்தலுக்குத் தேர்தல் ஏதோவொரு பள்ளிக்கூடத்து பெஞ்சில் படுத்துத் தூங்கியது, சாலைக்கு நிலம் எடுக்கப்போய்க் கல்லடி பட்டது எதுவுமே அதில் இல்லை. முப்பத்தாறு வருஷம் இலாகா இலாகாவாக அலைந்து, கடைசியில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு நல்ல பெயர்தான். தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது இடையிடையே அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த மகளையும் சாதிச் சான்றிதழுக்கு வெயிலில் வரிசையில் நிற்கவைத்தாள். தம்பி பட்டா மாற்றக் கேட்டு வந்தபோது, மனு கொடு என்று சொல்லி அனுப்பினாள்.

"மாமா, வீடும் கிணறும் பக்கத்துல இருந்தா பொதைக்கப்பிடாதுன்னு அம்மாவே எத்தன பேரத் தடுத்திருக்காவ?"

"அவளே கேட்டா இல்லியா? நீயும் நின்னு கேட்டியே!"

கேட்டாள். அம்மா நேற்று கேட்டது உண்மைதான். ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கச் சொல்லிவிட்டு, "என்னைய இவ அப்பாக்க பக்கத்துல வச்சிருங்க" என்றாள் அம்மா. மகள் முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "ஜான்ரோஸு பாத்துக்கிடுவான்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்! ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதானா? அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல அப்போது ஸ்மைலினுக்கு ஆத்திரம் வந்தது. சாகக் கிடப்பவளை உலுக்க முடியாது. செத்த பிறகு சண்டை போடவும் ஆளில்லை.

"வாழ்நாளுல ஒரே ஒரு காரியம் எங்கிட்ட கேட்டா" என்றார் மாமா. "ஒரே ஒண்ணு. அத நான் செய்யாண்டாமா?"

ஜெபிஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பீடி பற்றவைக்க ஒதுங்கினான்.

அப்போதுதான் குழியின் மறுபக்கத்தில் ஒரு பெண் நிற்பதை ஸ்மைலின் கண்டாள். கையில் மாலை இல்லை. நைந்துபோன நீலப் புடவை. கீரிப்பாறையில் ரப்பர்ப் பால் வெட்டும் சகாயசெல்வி. அம்மா வட்டாட்சியராக இருந்தபோது இவள் புருஷனை நாலு சென்ட் வீட்டடியில் புதைக்கவிடாமல் தடுத்தாள். மறுநாள் இவள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்று ஸ்மைலின் அம்மாவிடம், "அப்பாவ மட்டும் நம்ம இங்க வச்சோமே?" என்று கேட்டாள். "அப்பம் நான் அந்தக் கசேரையில இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா சாப்பிடாமல் எழுந்து போனாள்.

"நல்ல ஆழம்" என்றாள் சகாயசெல்வி.

"அக்கா, உள்ள வாருங்க."

"நான் பொணம் பாக்க வரல்ல மக்கா. குலசேகரத்துல போஸ்டர் பாத்தேன். இல்லத் தோட்டத்தில் அடக்கம்னு போட்டிருந்து. நெசந்தானான்னு பாக்க வந்தேன்."

மாமா முன்னால் வந்தார். "ஏட்டி, சாவு வீட்டுல வந்து சண்ட போடாத. போ."

"நான் சண்ட போடல்ல." அவள் மாமாவைப் பார்க்கவே இல்லை. "எனக்க ஆளுக்கு வெட்டின குழிய தாசில்தாரம்மா நின்னு மூடவச்சாவ. நல்ல மழ. கடைசி மண்ணு விழுந்த பொறவுதான் ஜீப்புல ஏறினாவ. நான் காலப் பிடிச்சேன். 'சட்டம் எனக்கும் சேத்துதாம்மா'ன்னு சொன்னாவ. வயிறெரிஞ்சுதான் போனேன், ஆனா அத நம்பினேன் மக்கா. இந்த போஸ்டரப் பாக்குதுவர நம்பினேன்."

அவள் குழியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு ரப்பர் மரங்களுக்கு இடையே இறங்கிப் போய்விட்டாள். ஸ்மைலின் கூப்பிட்டாள், அவள் திரும்பவில்லை.

"ஜெபிஷே, வண்டிய எடு" என்றாள் ஸ்மைலின். "மூடு."

"என்னட்டி சொல்லுக?"

"மூடச் சொன்னேன் மாமா. சபைக் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டச் சொல்லுங்க. பாஸ்டருக்கு நான் போன் பண்ணுதேன்."

"அவளுக்க கடைசி ஆச அது! ஒனக்கு நெஞ்சு கல்லா?"

"கல்லுதான். யாரு வளத்தது?" அவள் கத்தியதில் உள்ளே பாட்டு நின்றது. "ஊருல உள்ளவனுக்கு எல்லாம் ஒரு சட்டம், இவியளுக்கு ஒண்ணா? எனக்கு அம்மாவா இருக்காம ஆபீசுல போயி இருந்தது இதுக்குத்தானா? அந்தப் பேராவது மிஞ்சட்டும். அதுக்குத்தான் என்னைய அநாதையா விட்டுட்டுப் போனாவ!"

மாமா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஜெபிஷ் பீடியை அணைத்துவிட்டு வண்டியில் ஏறினான். தோண்டிய மண்ணெல்லாம் குழிக்குள் விழுந்து முடியும்வரை ஸ்மைலின் அங்கேயே நின்றாள்.

அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது மாமா தொடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வரிசைப்படி அடுத்து இருந்த இடத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, நேசபாயை இறக்கினார்கள். உறவுக்காரப் பெண்கள் ஸ்மைலினின் காதில் விழும்படியே பேசினார்கள். பெத்த அம்மைக்கு இப்படியும் ஒரு மகளா என்றார்கள். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். மெதுவாகப் போட வேண்டும் என்றுதான் நினைத்தாள், ஆனால் எறிந்தாள். அது பெட்டியில் பட்டுச் சத்தம் கேட்டது.

வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கால் கழுவக் குழாயடிக்கு வந்த ஸ்மைலின், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதைப் பார்த்தாள்.

ராஜகுமார். அம்மாவிடம் ஜீப் ஓட்டியவர். நாகர்கோவிலிலிருந்து தாமதமாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். போஸ்டரை நம்பி நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார். தோண்டிய மண் திரும்பக் குழிக்குள் அடங்காமல், அப்பாவின் கல்லறையை ஒட்டி ஆள் நீளத்துக்கு மேடாக நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த ரோஜா மாலையை அந்த மேட்டின்மேல் வைத்தார். ஒரு முனை சரிந்தது. குனிந்து அதை நேராக்கிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

மாமா எழுந்து வாயைத் திறந்தார். ஸ்மைலின் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாமா அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி படியில் உட்கார்ந்தார்.

ராஜகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பும்வரை அவள் காத்திருந்தாள்.

"அண்ணே" என்றாள். "சாயா குடிச்சிட்டுப் போங்க."