கோட்டுப் போட்ட டென்ட்டுக்காரர்

மேடையில் நிறுத்தியிருந்த படத்தைப் பார்த்ததும் மூத்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கோட்டும் டையுமாக இருந்தார். உயிரோடு இருந்தவரை சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போடாத மனிதர்.

"ஸ்டுடியோக்காரன்கிட்ட சொல்லிக் கோட்டை மாட்டிவிட்டேன். தாடியை எடுத்தாச்சு, வெயில்ல கறுத்ததையும் வெளுத்தாச்சு. இப்பத்தான் அண்ணன் பார்க்க ஒரு ஆபீசர் மாதிரி இருக்கான்," என்றார் சித்தப்பா.

சித்தப்பா ஊரில் உள்ள அத்தனை சங்கங்களுக்கும் நிரந்தரத் துணைத்தலைவர். மைக் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அண்ணனின் நினைவுக்கூட்டத்தை ஏசி மண்டபத்தில்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவரே. வாசல் பேனரில் 'இயற்கையின் காவலர்' என்று போட்டு, அப்பாவின் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார். அந்தப் பெயர் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் அப்பாவுக்கே ஞாபகம் வரும்.

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. வாரமெல்லாம் தெருத்தெருவாக நடந்தது போதாதென்று, விடுமுறை வந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவார். மனைவி மக்களோடுதான் கிளம்புவார். தெருமுனை தாண்டுவதற்குள் சைக்கிள் கடைக்காரர் குடும்பம், தையல்காரம்மா, அவள் பிள்ளைகள் என்று வேன் பிதுங்கும். "சும்மாதானே இருக்கீங்க, ஏறுங்க!" அழைப்பிதழ் அவ்வளவுதான். ஊருக்கு அவர் டென்ட்டுக்காரர். போர்வையோ, டார்ச்சோ, தூண்டிலோ, யார் கேட்டாலும் கொடுப்பார். திருப்பிக் கேட்க மட்டும் வாய் வராது.

அம்மாவுக்கு இதில் தீராத சண்டை. "இப்படி வாரிக் குடுக்குறீங்களே, நாளைக்கு நமக்கொண்ணுன்னா ஒருத்தராவது எட்டிப் பார்ப்பாங்களா?"

"பார்க்கலைன்னா அவங்களுக்கு வேலை இருக்கும்டி," என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போய்விடுவார்.

இப்போது அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அடிக்கொருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். மற்றபடி காலி நாற்காலிகள்.

"மலைகளை வென்ற மாவீரர்!" என்று மைக்கில் முழங்கினார் சித்தப்பா. அப்பா மலைக்குப் போனது உண்மை. போனதும் முதல் மரத்தடியில் குறட்டை விட்டதும் உண்மை.

"நான் சொன்னது பலிச்சிடுச்சு பார்த்தியாடி," என்றாள் அம்மா. ஜெயித்த குரலாக இல்லை அது. வாய் கோணியது.

எல்லாருக்கும் மகள்தான் போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். இந்தச் சண்டையில் மட்டும் அம்மா ஜெயிக்கக் கூடாது. எழுந்து வெளியே போனாள்.

சாலைக்கு அந்தப் பக்கம், பூங்காவின் மரத்தடியில் பெருங்கூட்டம். அவளைக் கண்டதும் சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்தார்.

"பாப்பா! எங்கம்மா போய்ட்டீங்க? அட்ரஸ் தப்பா சொல்லிட்டியா?"

"உள்ளேதானே அண்ணே நடக்குது!"

"அங்கே யாரோ பேங்க் மேனேஜர் இல்ல செத்துப்போயிருக்காரு! கோட்டு, டை... பேரும் வேற. சரி, நம்ம ஆளு எந்தக் காலத்துல நாலு சுவத்துக்குள்ள இருந்தாரு, மரத்தடியிலதான் இருக்கும்னு இங்க வந்து நின்னோம்."

"நான் உள்ளேயே போய் கடைசியில, தூண் மறைவுல உக்காந்துட்டேன்," என்றாள் தையல்காரம்மா. "அந்தாளு வீரர், சூரர்னு பேசப் பேச, இது நம்ம ஆளு இல்லைன்னு நைசா எழுந்து வந்துட்டேன்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஓடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அம்மா மரத்தடியைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "நீயுமா? நீயும் வந்தியா?" என்றாள். புல்லில் இடம் போட்டு உட்கார வைத்தார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். அடைமழையில் டென்ட்டுக்காரர் தனியாகக் கூடாரம் நட்ட கதையை ஒருவர் எடுத்தார்.

"பொய்!" என்றாள் அம்மா. "நட்டது நானு. அவரு குடை பிடிச்சுக்கிட்டு ஐடியா குடுத்தாரு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆட்களைக் காணாமல் சித்தப்பா தேடி வந்தார், கையில் பேச்சுத் தாளோடு. "சித்தப்பா, நீங்களும் சொல்லுங்க," என்றாள் மகள். தாளைப் பார்த்தார், மைக்கைத் தேடினார், தாளை மடித்துப் பையில் வைத்தார். வெள்ளைப் பேண்ட்டை மறந்து புல்லில் உட்கார்ந்தார். "சின்ன வயசுல எனக்குத் தண்ணின்னா பயம்," என்றார். "ஆத்துல என்னைத் தோள்ல உக்கார வச்சுத்தான் அண்ணன் அக்கரைக்குக் கொண்டுபோவான். ஒரு நாளும் கேலி பண்ணினதில்ல." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் பேசியதிலேயே சின்ன உரையும் நல்ல உரையும் அதுதான்.

அம்மா சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைக்குப் போறோம். யார் யார் வர்றீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது, சித்தப்பாவின் கையைத் தவிர. அன்றைக்கு அவருக்கு ஒரு தலைமையுரை இருந்தது.