கடலுக்கடியில் சம்மனசுகள்

உபதேசியார் லியோனார்ட், சாமியார் திருப்பிக் கொடுத்த கதை நோட்டைப் பிணத்தின் கால்மாட்டில் வைக்கக் குனிந்தார். ராஜாத்தி பாதியிலேயே பறித்துக்கொண்டாள்.

“சாமியாரு இன்னா சொன்னாரு?”

“மந்திரிச்ச கல்லறைல ஒங்கப்பாவுக்கு எடம் கெடையாதாம், பாப்பா. வேலிக்கு அந்தாண்ட பொதச்சிக்கச் சொல்றாரு.”

வேலிக்கு அந்தாண்ட, தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் கிடந்தார்கள். ராயபுரத்து அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே எழுத்துக் கோத்து, ஈயத்தை மூச்சாக இழுத்துச் செத்தவர் ஆசீர்வாதம். ஒரு ஞாயிறு பூசை தவறியதில்லை. கதை எழுதினார், அதுதான் குற்றம். அச்சுப் போட அனுமதி கேட்டு அதைச் சாமியாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டுமரம் கவிழ்ந்து மகன் சூசை போனான். உடல் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தார். கடலுக்கடியில், காத்திவாக்கத்துக்காரர்கள் கும்பிடும் கன்னிமார் ஏழு பேர். முழுகிப்போன பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். செத்த ஆண்டவர் பாதாளத்தில் இறங்கும்போது, வழியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ‘பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை.

“பேய் கைல ஆத்துமாவக் குடுத்து வெப்பாரா ஆண்டவருன்னு கேக்குறாரு சாமியாரு. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கினாரு. கன்னிமாருன்னு வர்ற எடத்துல எல்லாம் மோட்சத்துத் தூதருங்களாக்கி, சம்மனசுன்னு மாத்திடணும். செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டுத்தான் செத்தாருன்னு எழுதின கல்லறைச் சீட்டு என் பையிலயே கீது.”

“மனஸ்தாபப்பட்டாரா? எப்போ? மூச்சு நின்னதுக்கு அப்பாலயா?”

“வெயிலு ஏறுது, பாப்பா” என்றார் லியோனார்ட்.

அது ராஜாத்திக்கும் தெரிந்தது. ஊதுவத்தியை மீறி வாடை வர ஆரம்பித்திருந்தது. காலேஜில் வெள்ளைக்கார மதர், கிறிஸ்தவக் காவியத்தில் கிரேக்க தேவதைகள் வருகிற இடத்தை உருகி உருகிப் பாடம் நடத்துவார். அங்கே வந்தால் கற்பனை வளம். காத்திவாக்கத்துக் கன்னிமார் வந்தால் பேய். கத்தலாம். கத்த உடம்பில் தெம்பு இல்லை. மூன்று ராத்திரி தூங்கவில்லை.

தலைமாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். சொக்கம்மாள் காத்திவாக்கத்தில் பிறந்து, இந்தக் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். எழுத்து தெரியாது. தினம் சாயந்திரம் புருஷன் வாசிக்க வாசிக்க உட்கார்ந்து கேட்டவள்.

“மாத்திடவாம்மா?”

“சூசைக்குத்தான் குழி இல்லாம பூட்ச்சி. இவருக்காச்சும் ஒரு சிலுவை நிக்கட்டும். மாத்துடி.”

ராஜாத்தி தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். அப்பாவின் எழுத்து அச்சைப் போலவே நெருக்கமாக நின்றது. கன்னிமாரை அடித்தாள். மேலே இடுக்கிக்கொண்டு சம்மனசுகள் என்று எழுதினாள். அடித்தாள், எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் அதே வேலை. விரலெல்லாம் மை.

“ஏண்டி” என்றாள் சொக்கம்மாள். “சம்மனசுக்கு நீச்சல் தெரியுமா?”

லியோனார்ட் சிரிக்க வாய் திறந்து மூடிக்கொண்டார்.

“ரெக்க கீதே அதுங்களுக்கு. தண்ணில நனைஞ்சா இன்னா ஆவும்? புள்ளையத் தூக்குமா, ரெக்கையத் தூக்குமா? அந்த ஏழு பொண்ணுங்க அங்கயே கெடந்ததுங்க. நீரோட்டம் தெரியும்.”

பி.ஏ. படித்த ராஜாத்தி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். குனிந்தபடியே கடைசிப் பக்கம் வரை அடித்து முடித்தாள். அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரற்கடை வெற்றிடம் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எழுதி, நோட்டை லியோனார்டிடம் நீட்டினாள்.

அவர் உதடு அசைத்துப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில் சத்தமாகவே படித்தார். “‘இந்தச் சம்மனசுகள் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இவர்களுக்கு இறக்கை கிடையாது.’ இது யாரு எழுதினது?”

“எங்கப்பா.”

லியோனார்ட் ஈரம் காயாத மையைப் பார்த்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சாமியாரு கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க மாட்டாரு” என்று சொல்லி, பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியது. சொக்கம்மாள் மகளின் கையை இழுத்து, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, விரலில் இருந்த மையைத் தேய்த்தாள். போகவில்லை. பெட்டியைத் தூக்குகிறவரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.