கல்யாணத்துக்கு எடுத்த பேனா

"ஏம்மா, ஒனக்குப் பேச வருமா வராதா?"

முதல் தடவை பெண் பார்க்க வந்த வீட்டுப் பெண்மணி நூர் நிஷாவிடம் இப்படிக் கேட்டார். வரும். புது ஆட்களுக்கு எதிரே மட்டும் வராது. அவர்கள் சமோசாவைத் தின்றுவிட்டுப் போனார்கள். மறுநாள் அவள் வழக்கம்போல மாமாவின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு, தொண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த அந்தக் கடைதான் அவளுக்கு வேலை. சம்பளத்தில் பழைய ஜப்பான் மைப்பேனாக்களை இணைய ஏலத்தில் எடுத்துச் சேர்த்தாள்.

அவளைப் பெற்ற அத்தா அகமது கபீர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். பேனா அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஏலம் என்றால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

2007-இல் ஒரு பேனா ஏலத்துக்கு வந்தது. கறுப்பு அரக்குப் பூச்சின்மேல் தங்கப்பொடியில் ஒரு நண்டு. மூடியைக் கழற்றினால் நண்டு பாதியாகும், மூடினால் ஒன்றாகும். நூர் நிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒசாகாக்காரர் ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார்.

"கல்யாணத்துக்குன்னு சொல்லு அவருட்ட," என்றார் அத்தா.

தொண்டிக் கரையில் ஒருவர் மீன்கூடையைக் காட்டி 'கல்யாண வீட்டுக்கு' என்றால் மற்றவர்கள் மேலே விலை கேட்காமல் வாயை மூடிக்கொள்வார்கள். ஒசாகாவில் என்ன வழக்கமோ. இருந்தாலும் தட்டி அனுப்பினாள். யாருடைய கல்யாணம் என்று எழுதவில்லை. பதில் வந்தது: விலகிக்கொள்கிறேன், மணமக்களுக்கு வாழ்த்துகள்.

"மனுசன்!" என்றார் அத்தா. "அட்ரஸக் கேளு. விட்டுக்குடுத்தவருக்குப் பத்திரிகை போகணும்ல?"

அட்ரஸ் வந்தது. பேனாவும் வந்தது. கல்யாணம்தான் வரவில்லை.

"கல்யாணத்துக்குன்னு எடுத்த சீலா மீன வீட்டுக் கொழம்புல போட்டுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கரையில நிக்க? நிக்காஹ் பண்ணு. இல்லாட்டி அந்த மனுசனுக்கே அனுப்பிச்சுரு."

"அவருக்குத் தெரியவா போகுது அத்தா?"

"எனக்குத் தெரியும்ல."

பேனா வேண்டுமானால் மாப்பிள்ளை வேண்டும். நூர் நிஷா சரி என்றாள். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மதாரும் அவர் உம்மா சபியாவும் பெண் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை பேசிவிடுவது என்று அவள் பேனாவை எடுத்துவந்து நீட்டினாள்.

"நண்டு," என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

"வறுவலுக்கு ஆகுமா?" என்று சிரித்தார் மதார். மூடியைக் கழற்றி, நிப்பை நகத்தில் கிறுக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் சபியா. "பொண்ணு வீட்டுச் சீரா இருக்கட்டும். அங்கன கம்பெனியில நம்ம புள்ள கையெழுத்துப் போட ஆகும்."

மதார் மூடியைப் பின்பக்கம் செருகி, பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நூர் நிஷா யோசித்தாள். கல்யாணம் நடந்தால் பேனா சவூதிக்குப் போகும். நடக்காவிட்டால் ஒசாகாவுக்குப் போகும்.

எழுந்து போய், மதாரின் பையிலிருந்து பேனாவை உருவினாள். முந்தானையில் துடைத்து மூடினாள், நண்டு ஒன்றுசேர்ந்தது. அது வந்த பெட்டியிலேயே வைத்து, மேலே ஒசாகா அட்ரஸை எழுதினாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா போற?" என்றார் சபியா.

அத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போஸ்டாபீஸ் பூட்டிருவாங்க, வெரசாப் போ," என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.