பேட்டரி தீர்ந்த பாட்டு

மகள் போனை நீட்டியபோது அவர் வாயில் இரண்டு ஸ்க்ரூ இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்தான் மூன்றாவது கை. வீட்டு மின்விசிறியைக் கழற்றும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

“அப்பா, உங்க பாட்டுக்கு மார்க் போட்டுக்கிட்டிருக்காங்க.”

“ம்?”

“நீங்க ட்ரம்ஸ் அடிச்ச ஆல்பம்ப்பா. கடைசிப் பாட்டு, ‘ஈரச் சிமெண்ட்’. பத்துக்கு ஒன்பது, ஒன்பதரைன்னு போட்டுத் தள்ளுறாங்க.”

ஸ்க்ரூக்களைக் கையில் துப்பிவிட்டு ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு சேர்ந்து போட்ட ஹெவி மெட்டல் கேசட் அது. அப்போதே யாரும் சீண்டவில்லை. அதிலும் கடைசிப் பாட்டை, கேசட் வாங்கிய நண்பர்களே முழுதாகக் கேட்டதில்லை. பதிவு நடந்த அன்று பாடகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எருமை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். அன்று எருமையிடமிருந்து காற்று மட்டும்தான் வந்தது. ஸ்டுடியோ நேரம் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் தூக்க வந்திருந்த இவருடைய தம்பியை மைக் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை பாடினான். அடுத்த மழைக்காலத்தில் அவன் பைக் லாரிக்கு அடியில் போனது. அவன் குரல் வேறு எங்கேயும் பதிவாகவில்லை. பேசினது, சிரிச்சது, ஒன்றும் இல்லை.

இப்போது எங்கெங்கோ இருக்கிற பைத்தியங்கள் சில சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கின்றன. ஊர் உலகம் கவனிக்காமல் விட்ட மெட்டல் பாட்டாக ஒன்றை எடுத்து, எல்லாரும் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். மார்க்கோடு ஒரு வரி காரணமும் எழுதவேண்டும். காரணம் இல்லாத மார்க்கைக் குழுத்தலைவர் அழித்துவிடுவார். அவருடைய புனைபெயர் துரு. நிறைய மார்க் வாங்குகிற பாட்டைச் சின்னக் கம்பெனி ஒன்று இசைத்தட்டாக வெளியிடும்.

ஏணியில் இருந்தபடியே அவர் படித்தார்.

“பாறாங்கல்ல உருட்டி விட்ட மாதிரி குரல். 9.”

“இந்தாளு தொண்டையில சாதம் இறங்குமா, ஜல்லி இறங்குமா? 9.5.”

“என் பொண்டாட்டி நிறுத்தச் சொல்லிட்டா. அதுக்கே 10.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அழுறதுன்னா இறங்கி வந்து அழுங்க, ஏணி ஆடுது” என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி. சொல்லிவிட்டு அவளும் மூக்கை உறிஞ்சினாள். கொழுந்தனைப் பார்த்ததில்லை என்றாலும் அவனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அவன் பழக்கம்தான்.

பிறகுதான் பாட்டைப் போட்டார்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஒரு கிழவன் உறுமினான். ட்ரம்ஸ் சேற்றில் கால் வைப்பது போல விழுந்தது. இவர் இப்படி அடித்ததே இல்லை. இரண்டாவது சரணத்தில் விஷயம் பிடிபட்டது. எவனோ ஒரு புண்ணியவான் கேசட்டைப் பேட்டரி டேப்ரெக்கார்டரில் ஓடவிட்டு, அதிலிருந்து பிரதி எடுத்திருக்கிறான். கடைசிப் பாட்டுக்கு வரும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தால் பாட்டு இழுக்கும், குழந்தை குரல்கூடக் கிழவன் குரலாகிவிடும். அந்த வீணாய்ப்போன பிரதியைத்தான் இத்தனை வருஷமும் இவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பியின் குரல் மெல்லிசு. பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் போகிறவன் மாதிரி, வரிக்கு வரி பயந்துகொண்டும் சந்தோஷமாகவும் ஓடும்.

“விட்டுடுங்களேன்” என்றாள் மனைவி. “ஒன்பதுக்கு மேல போடுறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“அது அவன் இல்லம்மா.”

“அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?”

“அவன் குரல் நாலு பேர் காதுல விழணும். ஒரு தடவையாவது. நான் போயிட்டா அப்புறம் யார் கேப்பா?”

அலமாரியில் இருந்த தன் கேசட்டை எடுத்தார். மகள் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுத்தாள். பேட்டரி விவரத்தை எழுதி, சரியான வேகத்தில் ஓடும் பாட்டைக் குழுவில் போட்டார்.

“ட்ரம்ஸ் அடிச்ச அண்ணனே வந்துட்டாரு, எந்திரிச்சு நில்லுங்கடா” என்று துரு வரவேற்றார். விதிப்படி இதற்கும் தனியாக மார்க் போடச் சொன்னார்.

மார்க் வரத்தொடங்கியபோது அவர் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். கையில் கிரீஸ். முழங்கையால் போனை நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

“ஸ்கூல் ஆண்டு விழா. 3.”

“எலிக்குஞ்சை மிதிச்சுட்டாங்களா? 4.”

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பாடினவருக்கு 4. பேட்டரிக்கு 10.”

கடைசி வரிக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். கீழே யாரோ லிஃப்ட்டை அழைக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தார். லிஃப்ட் எப்படி வரும்?

கிரீஸ் கையோடேயே எழுதினார்: பாடினது என் தம்பி. இப்ப உயிரோட இல்ல. இது ஒண்ணுதான் அவன் குரல்.

எழுதியிருக்கக்கூடாது. சாயங்காலத்துக்குள் பத்து பத்தாகக் குவிந்தது. “தம்பிக்கு 10.” “ஆத்மா சாந்தியடையட்டும். 10.” எலிக்குஞ்சு என்றவன்கூடப் பழைய மார்க்கை அழித்துவிட்டு, கும்பிடும் கைகளைப் போட்டுப் பத்து கொடுத்திருந்தான். குரலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் துரு அத்தனை பத்தையும் அழித்துவிட்டார். “அண்ணே, மன்னிச்சுடுங்க. செத்தவங்களுக்கு மார்க் கிடையாது, பாட்டுக்குத்தான். இத விட்டா நாளைக்கு எவனும் எங்கள நம்பமாட்டான்” என்று எழுதியிருந்தார். நியாயமான மனிதர். தான் அந்த இடத்தில் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் துருமேல் கோபப்படக்கூட முடியவில்லை. சராசரியாக மிச்சம் நின்றது நாலு மார்க். பழைய பிரதி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். மரியாதையான ஆள்.

“சார், அந்த மெதுவான பாட்டத்தான் போடப்போறோம். உங்க பேண்டுல நீங்க மட்டும்தான் இப்ப கிடைக்கிறீங்க, உங்க சம்மதம் வேணும்.”

“சரியான வேகத்துல போட முடியாதா?”

“இப்ப எல்லாருக்கும் இதுதான் சார் சரியான வேகம்.”

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அட்டையில பாடினவர் பேர் போடணும். தம்பி பேர் சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்றேன்.”

வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் கேசட்டைப் போட்டார். இத்தனை நாளாக இந்த மார்க் விவகாரத்தில் மெதுவான பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ! யாராவது ஏதாவது சொன்னால் சரிபார்க்க ஒருமுறை, கோபம் வந்தால் ஒருமுறை. தன் கேசட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார், நாடா தேய்ந்துவிடும் என்று.

பாட்டு தொடங்கியது. யாரோ விளையாட்டுக்கு வேகத்தைக் கூட்டிவிட்டது போல இருந்தது. சின்னக் குரல் ஒன்று கிரீச்சென்று ஓடிற்று. நிறுத்திவிட்டு டேப்ரெக்கார்டரின் மோட்டாரைப் பார்த்தார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி போட்டார். தம்பி “டேய் அண்ணா” என்று கூப்பிடுவதை மனதுக்குள் கொண்டுவந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினார். மனதுக்குள் வந்த “டேய் அண்ணா”வும் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது.

விடிந்ததும் அவரே கம்பெனிக்காரரை அழைத்தார். “சம்மதம். பேர் வேண்டாம்.”

“சார்?”

“வேண்டாங்க.”

“அப்ப ‘பாடியவர் தெரியவில்லை’ன்னு போட்டுடட்டுமா? ரசிகர்களுக்கு அது இன்னும் பிடிக்கும் சார், ஒரு மர்மம் மாதிரி.”

“போட்டுக்குங்க.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். “ஏங்க, இது அநியாயம். பேரையாவது கொடுத்திருக்கலாம்ல?”

“யாரோட பேர?” என்று கேட்டார் அவர்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.