உப்பு பார்க்க ஆளில்லாத பிரியாணி

எர்ணாவூரில் போய்ப் பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கோடவுன் காலேஜ் என்று கேட்டால் பெட்டிக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் கை நீட்டுவார்கள். ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய் அடுக்கிய கிடங்கு அது. இப்போது நடுவில் தடுப்பு வைத்து நாலு துறை நடக்கிறது. அங்கே ஒரு பாடத்துக்கு மட்டும் பரீட்சை கிடையாது. ஏதாவது ஒன்றை நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டும். நடந்தால் பாஸ். நடக்கவில்லை என்றால் எவ்வளவு அழகாக விளக்கம் சொன்னாலும் பலிக்காது.

சாண்ட்ரா இந்த ஒரு பாடத்துக்காகவே அங்கே சேர்ந்தவள். ராயபுரத்தில் இருக்கும் அவள் அப்பா இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகளைப் பெரிய பெயருள்ள கல்லூரியில் பார்க்க அவருக்கு ஆசை. "அங்க மூணு வருசம் நோட்ஸ்தான் எழுதணும் டாடி. இங்க கடையே போடலாம்" என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். சேர்ந்ததும் கேட்டது கான்டீனைத்தான். எண்ணெயில் மிதக்கும் பூரியைப் போட்டுக்கொண்டிருந்த பழைய ஆள் போய்விட்டான், மாணவர்களே நடத்துகிறோம், சாவியைக் கொடுங்கள் என்றாள்.

பதிவாளர் தண்டபாணிக்கு அதில் இஷ்டமில்லை. மனிதர் கெட்டவர் அல்ல. சோறு வீணாவதை மட்டும் அவரால் தாங்க முடியாது. பசங்கள் கையில் கொடுத்தால் பாதி குப்பைக்குத்தான் போகும் என்பது அவர் கட்சி.

"வெள்ளிக்கிழம ஒருநாள் நடத்திக் காட்டுங்க. சாயங்காலம் நான் வந்து குப்பை டிரம்மைத் தொறந்து பாப்பேன். உள்ள சோறு இருந்துதுன்னா சாவி கான்ட்ராக்டருக்கு" என்றார்.

"பாருங்க சார்" என்றாள் சாண்ட்ரா. பயம் என்பது அவள் வீட்டுப் பக்கம் அவ்வளவாக வந்து போவதில்லை.

கூட இரண்டு பேர். தண்டையார்பேட்டை அஃப்ரித் சமையலுக்கு. அவன் மாமா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர். லீவு நாளெல்லாம் அவரோடு அடுப்படியில் நின்று வளர்ந்தவன். எம்.கே.பி. நகர் பவானி கொள்முதலுக்கு. காய்கறிக்காரர் தராசில் கை வைக்கும்போதே முறைக்கத் தெரிந்த பெண். முதல் நாள் என்ன போடலாம் என்று மாதத் தொடக்கத்திலேயே எல்லோரையும் கேட்டார்கள். பிரியாணி என்று கோடவுனே அதிரும்படி பதில் வந்தது. அவ்வளவுதான், மாமா பிரியாணி போடும் பெரிய பாத்திரம், அந்தத் தேக்சா, எர்ணாவூருக்கு வந்து இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சாண்ட்ரா எரிச்சலோடுதான் வந்து சேர்ந்தாள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் சாலை நெடுக ஒன்றன் வாலில் ஒன்றாக நின்றன. ஷேர் ஆட்டோ அந்த இடுக்கில் ஊர்ந்தது. "இதுங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். கான்டீனில் நுழைந்தபோது தம் போட்டாகிவிட்டது. வாசனை காம்பவுண்டைத் தாண்டிப் போனது. சும்மா இருக்கட்டும் என்று பவானி ஓரத்தில் கொஞ்சம் எலுமிச்சை சாதமும் கிண்டி வைத்திருந்தாள்.

அஃப்ரித் மூடியைத் திறந்தான். கரண்டியில் கொஞ்சம் எடுத்து சாண்ட்ராவிடம் நீட்டினான்.

"உப்பு பாரு."

"தவக்காலம்டா. வெள்ளிக்கிழமைல நாங்க கறி தொடமாட்டோம். நீயே பாரு."

அவன் முகம் லேசாக மாறியது. "உங்களுக்குப் பெரிய வெள்ளி ஒண்ணுதானே?"

"சாம்பல் புதன்லருந்து எல்லா வெள்ளியும்தான். நீ பாருடா, ஆறிடப் போவுது."

"நான் நோன்பு. நேத்துதான் ஆரம்பிச்சுது. நாக்குல வெச்சுத் துப்பிக்கலாம்னு மாமா சொல்வாரு, எனக்கு மனசு வர்ல."

"நேத்தா? அடுத்த வாரம்னு இல்ல நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பவானியைப் பார்த்தார்கள். பவானி கரண்டியைப் பார்த்தாள்.

"எங்கூட்ல வெள்ளிக்கிழமைல முட்டையே ஒடைக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

தேக்சாவுக்கு அடியில் கரி மட்டும் சடசடத்தது. நடந்தது என்னவென்று ஒவ்வொருவருக்கும் மெதுவாக உறைத்தது. தன் ஆட்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள் என்பது மூன்று பேருக்குமே முன்னாடியே தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பிரியாணி நின்றுபோகும். நம் வீட்டு விரதத்துக்காக மற்றவர்கள் வாயை ஏன் கட்ட வேண்டும், அவர்களாவது நன்றாகச் சாப்பிடட்டும் என்று மூன்று பேரும் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருந்தன்மை மொத்தமும் சேர்ந்து இப்போது தேக்சா நிறைய உட்கார்ந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பேஜாராப் பூட்ச்சு" என்றான் அஃப்ரித்.

மணி அடித்தது. கூட்டம் வந்தது. எலுமிச்சை சாதம் வைத்த பாத்திரம் சீக்கிரமே துடைத்தது போல ஆனது. முஸ்லிம் பையன்கள் வாசனையைத் திட்டிக்கொண்டே தொழுகைக்குப் போனார்கள். "சாண்ட்ரா, வெள்ளிக்கிழமைல போய் இப்டிப் பண்ட்டியே" என்று சர்ச் கொயரில் கூடப் பாடும் ஜெரியே துக்கம் விசாரிப்பது போலக் கேட்டுவிட்டுப் போனான். கிழமை பார்க்காத சிலர் பிரியாணி வாங்கத்தான் செய்தார்கள். தேக்சாவில் ஒரு பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான்.

சாண்ட்ராவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தன் மேல்தான். டிரம் நிறைந்தால் சாவி போகும். வீட்டில் அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்ட மாட்டார்; பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவுவார். அதுதான் அவளுக்கு இன்னும் மோசம். வேகமாக வெளியே வந்து கேட் அருகில் நின்றாள். டிரெய்லர்கள் அப்படியே நின்றிருந்தன. ஓர் ஓட்டுநர் வாட்ச்மேனிடம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினார்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. இந்த ஆட்கள் வரிசையை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் இடம் போய்விடும். ஓட்டல் பக்கத்திலேயே இருந்தாலும் அவர்களுக்கு அது இல்லாத மாதிரிதான்.

"அவங்க வர முடியாதுன்னா கடை அவங்ககிட்ட போவட்டும்" என்று சத்தமாகவே சொன்னாள்.

ஆனால் உப்பு பார்க்காத சோற்றை ஒரு மனிதனுக்கு எப்படிக் கொடுப்பது? அதற்கு அஃப்ரித் ஒப்புக்கொள்ளவே இல்லை. கிழமையும் நோன்பும் இல்லாத நாக்கு ஒன்று உடனே வேண்டும். அப்படி ஒரு நாக்கு அவளுக்குத் தெரியும். வருடம் முழுக்கக் கறுப்புச் சட்டை போடுகிற, சாமிக்கும் தனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்று சொல்லிக்கொள்கிற தண்டபாணியின் நாக்கு.

"அவராண்டயா? நாமளே போய் மாட்டிக்கிறதா?" என்றாள் பவானி.

"மறைச்சா மட்டும் தெரியாமப் பூடுமா" என்று தட்டை எடுத்தாள் சாண்ட்ரா.

தண்டபாணி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், நீங்க மூணு பேரும் பாக்கலியா?"

"எனக்குத் தவக்காலம் சார். அஃப்ரித் நோன்பு. பவானிக்கு வெள்ளிக்கிழமை."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "இத சாப்பிடாத மூணு பேர் சேந்து இத ஆக்கியிருக்கீங்க" என்றார். பிறகு ஒரு வாய் வைத்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு வாய் வைத்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். "சாயங்காலம் டிரம்மை வந்து பாப்பேன். அதுல மாத்தமில்ல."

"பாருங்க சார்."

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த தால்ச்சாவில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு அஃப்ரித் கணக்கைச் சரிசெய்தான். பவானி ஓடிப்போய் ஒரு மீன்பாடி வண்டியைப் பேசிக் கூட்டிவந்தாள். வண்டிக்காரர் நசீர் மீன் வாடை போகும்வரை பலகையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தேக்சாவை ஏற்ற விட்டார். முதல் டிரெய்லரின் கதவை சாண்ட்ரா தட்டினாள்.

"அண்ணே, சுடச்சுட பிரியாணி. தட்டு கீதா?"

ஓட்டுநரிடம் தட்டு இருந்தது. வாரக்கணக்கில் வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிற ஆளிடம் தட்டு, டம்ளர், ஸ்டவ் எல்லாம் இருக்கும். சிலர் வெள்ளிக்கிழமை என்று கை ஆட்டினார்கள். நோன்பு வைத்திருந்த ஒருவர் டிபன் பாக்ஸைக் கொடுத்து இருட்டியதும் சாப்பிடுகிறேன் என்றார். ஒருவர் தெலுங்கில் கேட்டதற்கு பவானி தெலுங்கிலேயே பதில் சொல்லி இரண்டு தட்டு வைத்தாள். ஹாரன் அடித்து முன்னாலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். காலையில் திட்டிய அதே வரிசை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று சாண்ட்ராவுக்குத் தோன்றியது. அடி தெரிய ஆரம்பித்தபோது ஒரு டிபன் பாக்ஸில் நிறைய எடுத்து, கறியைத் தேடிப் போட்டு, அழுத்தி மூடித் தனியாக வைத்தாள்.

சாயங்காலம் சொன்னபடி தண்டபாணி வந்தார். டிரம்மைத் திறந்தார். வெங்காயத் தோலும் எலுமிச்சை மூடியும் கிடந்தன. கையிலிருந்த குச்சியால் கிளறிக்கூடப் பார்த்தார். பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த தேக்சாவைப் பார்த்தார். கடைசியாக அவர் கண் அலமாரியிலிருந்த டிபன் பாக்ஸில் போய் நின்றது.

"அது இன்னா?"

"பிரியாணி சார்."

"மதியானம் ரெண்டு வாய்தான் சாப்ட்டேன். வூட்டுக்கு எடுத்துனு போறேன், குடும்மா."

பவானி அவசரமாக பாக்ஸை எடுக்கப் போனாள். சாண்ட்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி இன்னும் அந்த மனிதரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல சார். அது அஃப்ரித்தோடது. காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம நெருப்பாண்ட நின்னான். நோன்பு தொறக்க இன்னும் கொஞ்ச நேரம் கீது."

"கான்ட்ராக்டரா இருந்தா எனக்குக் குடுத்திருப்பான்."

"ஆமா சார். குடுத்திருப்பான்."

தண்டபாணி டிரம்மின் மூடியை எடுத்து ஒழுங்காகப் பொருத்தினார். வாசல்வரை நடந்தவர் அங்கே நின்று, திரும்பாமலே பேசினார்.

"அடுத்த வெள்ளிக்கிழம எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சுடும்மா. உப்பும் நானே வந்து பாக்கறேன்."