விரதம் முடிந்த ஞாயிறு

நான் சைவத்துக்கு மாறியது மார்கழியில். அதுதான் தப்பாகப் போய்விட்டது. வேறு எந்த மாதத்தில் மாறியிருந்தாலும் இந்த லோகேஸ்வரிக்குக் கிறுக்கு என்று என்னை விட்டிருப்பார்கள். மார்கழி என்பதால் பக்தை ஆக்கிவிட்டார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபெடரல் ஹைவே ஜாமில் நான் வந்த பஸ்ஸை ஒட்டி ஒரு கோழி லோரி நின்றது. கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கோழிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கறியும் மீனும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கிள்ளானில் இருக்கும் தங்கை மலரிடம்தான் முதலில் சொன்னேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் பிடித்து அவள் வீட்டுக்குப் போவேன். மத்தியானச் சாப்பாடு, அவள் புருஷன் சுகுமாறனின் அறுவை, பிள்ளைகளின் சண்டை. அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் கவிச்சி தொடமாட்டேன் என்றதும் மலர் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தைப்பூசத்துக்கு விரதம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். விரதமெல்லாம் இல்லை என்றேன். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது, அதனால்தான் மறைக்கிறேன் என்றாள். நான் மறுக்க மறுக்க அவளுக்கு நம்பிக்கை கூடியது.

அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்த மரியாதையை என்னவென்று சொல்ல. புதுச் சட்டி, புதுக் கரண்டி. எனக்காக வீடு முழுக்கச் சைவம். நான் இருக்கும்போது சுகுமாறன் பீர் டின்னைக்கூடத் திறக்கவில்லை. என்னை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, யாருக்குத்தான் பிடிக்காது?

தைப்பூசம் முடிந்தது. அதற்குப் பிறகு இடும்பன் பூஜையும் முடிந்தது. அதோடு விரதக்காரர்கள் எல்லோரும் கவிச்சிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த ஞாயிறு நான் போனபோது தெருமுனையிலேயே மசாலா வாசம். மேசையில் ஆட்டுப் பிரட்டல், பொரித்த மீன், பெரிய சட்டி நிறைய நண்டு. நண்டு என்றால் எனக்கு உயிர் என்று சுகுமாறன் விடியற்காலையிலேயே பாசாருக்குப் போய் வாங்கி வந்திருந்தான். மலர் பெரிய கால் ஒன்றை உடைத்து என் தட்டில் வைத்தாள்.

நான் அதைத் தொடவில்லை.

"மலரு, விரதம் இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல. நெசமாவே விட்டுட்டேன்."

"அதான் பூஜை முடிஞ்சிருச்சேக்கா. இன்னும் யாருக்காக?"

"யாருக்காகவும் இல்ல."

அவள் முகம் சுண்டிப்போனது. சாமிக்கு என்றால் வருஷம் முழுக்கப் புதுச் சட்டியில் ஆக்கிப் போட்டிருப்பாள். முருகன் பேரைச் சொல்லித் தொலையேன் என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. வாயில் வரவில்லை. சுகுமாறன் நண்டை எடுத்துப் பெரியவன் தட்டில் போட்டான். மலர் அவசரமாக எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஆகாது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டேன். சுகுமாறனின் அறுவையும் அன்றைக்கு இல்லை.

கிளம்பும்போது மலர் கேட் வரை வந்தாள். கோபமெல்லாம் இல்லை. என் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து சாப்ட்டுட்டே வந்துரு லா, அக்கா. உனக்கும் கஷ்டம் இல்ல, எங்களுக்கும் கஷ்டம் இல்ல."

ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பிரிக்பீல்ட்ஸில் சைவக் கடைக்குப் பஞ்சமில்லை. அடுத்த ஞாயிறு வாழை இலை போட்டு, கூட்டு, பொரியல், பாயசம் என்று ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டேன். எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தேன். பிறகு ரயில் ஏறினேன். கிள்ளானில் கதவு திறந்தே இருந்தது, எல்லோரும் மேசையில் இருந்தார்கள். வாக்கா, உட்காரு என்றாள் மலர். சோபாவில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்குள் நுழைகிற யாரையும், அடுப்புக்குக் கேஸ் தோம்பு மாட்ட வருகிறவரைக்கூட, சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் அவள் விட்டதில்லை. அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை.