இரண்டரை மணி வாசகர்

என் வீட்டுக்காரருக்காக நான் ஒரு பிளாக் நடத்தினேன். ஊரே படிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஓர் ஆள் படிக்க எழுதினேன். அவர் லிங்கராஜ், சரக்குக் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், நாலு மாதம் மில்லர்புரத்து வீடு.

கப்பலில் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று நெட்டை அளந்து கொடுப்பார்கள். வீடியோ காலில் முகம் பாதி வருவதற்குள் தீர்ந்துவிடும். முதலில் படம், பூப்போட்ட பின்னணி எல்லாம் வைத்துத்தான் பிளாக் தொடங்கினேன். "சுத்திக்கிட்டே நிக்குதுளா, தெறக்க மாட்டேங்குது" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஐந்து வருஷம் சர்வர்களோடு மாரடித்தவள் நான். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் எழுத்துக்கு வந்தேன். ஒரு நாளுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அன்றைய தேதிதான் அதன் பெயர். கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் தட்டினால் அது பக்கமாக மாறும். இன்னொன்று தட்டினால் சர்வருக்கு ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தைவிட லேசான பக்கம். நடுக்கடலிலும் பொசுக்கென்று திறந்தது.

அவர் முதன்முதலாக அதைத் திறந்தபோது போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். யார் எங்கிருந்து வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாக்கில், கப்பலின் முகவரி எண் விழுந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலைக் காப்பியோடு ஒரு கமாண்ட்: நேற்று அந்த எண் வந்ததா? வந்திருக்கும். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும், அங்குள்ள நேரப்படி பிற்பகல் இரண்டரை மணிக்கு. அவருக்கு அது வேலை நேரம். இன்ஜின் ரூமிலிருந்து நழுவி வந்து என்னைப் படித்துவிட்டுப் போகிறார் மனுஷன் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். தண்ணீர் மோட்டார் ரிப்பேரானது, மாடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் அப்பா நாற்று நட்டது. ஒரு நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் என் குரலையே நான் கேட்காமல் இருந்தது. அவர் விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றுகூட எழுதினேன். போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. காய்ச்சல் என்று எழுதிய வாரம் அவரே கூப்பிட்டு, "காய்ச்சல் எப்படிளா இருக்கு?" என்றார். எனக்கு அது போதாதா?

ஆவணியில் ஊருக்கு வந்தார். முதல் நாள் மதியம் சாளை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"நான் எழுதுனதுல ஒங்களுக்கு எது பிடிச்சிச்சு?"

"நெட்டுல எழுதுவியே, அதையா சொல்லுதே?" என்று சிரித்தார். "எனக்கு ஏதுளா நேரம்? ஆரம்பத்துல ரெண்டு நாள் பாத்தேன். பொறவு கப்பல் சமையல்காரன் ரோச்சுக்கு லிங்கை அனுப்பிட்டேன். மணப்பாட்டுக்காரன், நல்ல மனுஷன். மத்தியானம் அடுப்பை அணைச்சிட்டு வாசிப்பான். சாயங்காலம் சாப்பிடப் போனா, 'அண்ணே, வீட்டுல மோட்டார் ரிப்பேராம், மதினிக்குக் காய்ச்சலாம்'னு சொல்லுவான்."

இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்துக் கப்பலுக்கு ஒரே முகவரிதான். சர்வரோடு மாரடித்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். இரண்டரை மணிக்கு அவரால் நகர முடியாது என்பதும் தெரியும். தெரிந்ததை எல்லாம் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத்தான் நம்பியிருக்கிறேன்.

அவமானமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் என் தலையணையைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"சட்டையப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"என்ன சட்டை?"

"ஒண்ணுமில்ல. இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

மோட்டாரைச் சொன்னவர், காய்ச்சலைச் சொன்னவர், சட்டையைச் சொல்லவில்லை. எதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு நான் எழுதவில்லை. ஆள்தான் வீட்டில் இருக்கிறாரே. 'நாளைக்கு வந்துவிடுவீர்கள், இனி இங்கே வேலையில்லை' என்ற கடைசிப் பக்கம் அப்படியே கிடந்தது. அவர் சோபாவில் போனும் கையுமாகக் கிடந்தார். அவர் கடலில் இருந்த ஒன்பது மாதத்தைவிட இப்போதுதான் வீட்டில் தனியாக இருந்தேன். அப்போதாவது எனக்கு ஓர் இரண்டரை மணி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கை பழகிய பழக்கத்தில் லாக்கைத் திறந்தேன். அதே எண். தினமும் இரண்டரைக்கு. பதினான்கு நாளும் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, புதிதாக ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போயிருந்தது. இப்படி வந்து வந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போயிருந்தோம். சாமி கும்பிட்டு முடித்ததும், மணப்பாடு வரை போய்வருவோம் என்றேன். "அங்கன என்னளா இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பைக்கை விட்டார். அவர் கீழே கடையில் டீ குடித்தார். நான் மட்டும் தேவாலயம் இருக்கும் மணல் மேட்டில் ஏறினேன்.

மறுநாள் மதியம் லேப்டாப்பைத் திறந்து, தேதியைப் பெயராகப் போட்டு எழுதினேன்.

'நேற்று மணப்பாட்டில் நல்ல காற்று. மேட்டுப் பாதையில் மணல் ஏறிக் கிடக்கிறது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. ஞாயிறு என்பதால் படகெல்லாம் கரையில். கோவிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், ஊரைக் கூட்டி அழுதது. தெருவில் யாரோ மீன் பொரித்தார்கள்.'

கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தேன். 'நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.'

தட்டுகிற சத்தம் கேட்டு, சோபாவிலிருந்து அவர் தலையைத் தூக்கினார். "யாருக்குளா எழுதுதே? நான்தான் இங்கன இருக்கேன்லா?"

"வாசிக்கிறவுகளுக்கு" என்று சொல்லிவிட்டு என்டரைத் தட்டினேன்.